வட்டமாய்ப் போன அம்புகள்

மான்ட்ரியால்
15-5-1977

அன்புள்ள கிரிஜாவுக்கு அப்பா எழுதுவது. இங்கு நானும் அம்மாவும் சௌக்கியம். நீயும் சௌக்கியமாக இருப்பாய் என்று நம்புகிறேன், இல்லாவிட்டாலும் நீயே டாக்டர், வின்னிபெக்கில் ஆஸ்பத்திரிக்குள்ளேயே இருக்கிறாய், நான் கவலைப்பட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை. ஆனாலும் படுகிறேன்.

லொங்குய்யில் இருக்கும் எங்கள் ஆபீசில் என்னைப் படிக்க அனுப்பியிருக்கிறார்கள். இருபத்தைந்து வருஷமாகப் பாலம் கட்டுகிறவனுக்கு, ஒரு வேலையை எப்படித் தொடங்கி எப்படி முடிப்பது என்று அடிப்படையிலிருந்து கற்றுத்தருகிறார்கள். புராஜெக்ட் மேனேஜ்மென்ட் என்று பெயர். நான் கட்டிய பாலம் எதுவும் இதுவரை விழவில்லை, இது தெரியாமல் அவை எப்படி நிற்கின்றன என்பதுதான் இப்போது குழப்பமாக இருக்கிறது. வாத்தியார் மிஸ்யூ லுக்குக்கு உன் வயதுதான் இருக்கும். வேலைக்கு ஒரு பெட்டி போட வேண்டும், எது முடிந்தால் எது தொடங்கலாம் என்று பெட்டிக்குப் பெட்டி அம்புக்குறி போட வேண்டும், சாஸ்திரம் அவ்வளவுதான். வீட்டு வேலை ஒன்றைப் படமாகப் போட்டு வரச் சொன்னார். இல்-பிசாரில் கட்டி முடித்த நம் புது வீட்டுக்குக் குடிபோவதை நான் போட்டேன்.

குடிபோக முதலில் பால் காய்ச்ச வேண்டும். பால் காய்ச்ச நீ வரவேண்டும், "பெத்த பொண்ணு இல்லாம எந்த வீட்டுல பால் பொங்கும்" என்கிறாள் அம்மா. நீ வர நாங்கள் குடிபோயிருக்க வேண்டும், "முதல்ல நீங்க ரெண்டு பேரும் போய் செட்டில் ஆகுங்க, அப்புறம் வரேன்" என்று நீ எழுதியிருக்கிறாய். மூன்று பெட்டி, மூன்று அம்பு. மிஸ்யூ லுக் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இது வட்டமாகப் போகிறது, இந்த வேலை முடியாது, தொடங்கவே தொடங்காது என்று வகுப்பு முழுக்கக் கேட்கும்படி சொன்னார். கூடப் படிக்கிற ஆபீஸ் நண்பர் பாலகிருஷ்ணன், "விடுங்க சார், எங்க வீட்டுல எல்லாமே இப்படித்தான், ஓடலியா" என்று தமிழில் ஆறுதல் சொன்னார்.

மிஸ்யூ லுக் கணக்கில், வட்டத்தில் ஓர் அம்பாவது பொய்யாக இருக்குமாம். அது வேலைக்குத் தேவையா, யாரோ ஒருவருடைய பிடிவாதமா என்று அவரவரிடமே கேட்டு அழிக்க வேண்டுமாம். அம்மாவிடம் கேட்டேன், "அவளையே கேளுங்க" என்றாள். மான்ட்ரியாலில் இல்லாத நோயாளியா வின்னிபெக்கில் என்று நீ கிளம்பும்போது கேட்டவள், இரண்டு வருஷமாக உன்னிடம் கேட்க வேண்டியதை எல்லாம் என்னிடம் கேட்கிறாள், நீயும் அவளுக்கான பதிலை எனக்கே எழுதுகிறாய். படத்தில் எனக்குப் பெட்டியே இல்லை, அம்பெல்லாம் என் மேல்தான் போகிறது. வைகாசி பிறந்துவிட்டது, அது போனால் ஆனி, ஆடி, பால் காய்ச்சக் கூடாது என்கிறாள், ஆனால் ஜூன் கடைசியில் இந்த வாடகை வீட்டைக் காலி செய்தாக வேண்டும். சொந்த வீடு இருந்தும் எங்கே போய் இருப்பது என்பதற்குப் பஞ்சாங்கத்திலும் பதில் இல்லை, மிஸ்யூ லுக்கிடமும் இல்லை.

நேற்று தைரியம் வந்து, கிரிஜா வராவிட்டால் நாமே காய்ச்சிவிடலாமா என்று அம்மாவிடம் கேட்டேன். இன்று காலை பித்தளைப் பாத்திரத்தை எடுத்துப் புளி போட்டுத் தேய்த்தாள். சம்மதமா கோபமா என்று விளங்காமல் நின்றேன். தேய்த்து முடித்து, "அவ ரூம்ல ஜன்னல் சரியாத் திறக்குதான்னு பாத்தீங்களா" என்றாள். இதை எந்தப் பெட்டியில் போடுவது என்று தெரியாமல்தான் உனக்கு எழுதுகிறேன். நாங்கள் குடிபோவதற்கு முன்பே நீ வந்தால் ஓர் அம்பு குறையும்.

வேளைக்குச் சாப்பிடு, நோயாளிகளுக்குச் சொல்வதில் பாதியையாவது நீ செய். எல்லா நலமும் பெற்று நீண்ட நாள் வாழ எங்கள் ஆசி. விமானம் என்றைக்கு, எத்தனை மணிக்கு என்று எழுது, டோர்வல் விமான நிலையத்துக்கு நான் வந்துவிடுவேன். ஒன்று மறக்காதே, பதிலை எனக்கு எழுத வேண்டாம். உறையில் அம்மா பெயரை, அனுசூயா என்று போடு.

இப்படிக்கு,
உன் அப்பா
மணிவாசகம்