நோவைச் சொல்லாத அண்ணைக்கு

அண்ணை,

இன்று காலை ஆஸ்பத்திரியில் காத்திருந்தபோது, பக்கத்தில் வந்து அமர்ந்தவரிடமிருந்து ஓடிக்கோலோன் மணத்தது. சட்டென்று திரும்பினேன். நீங்கள் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள் என்று தெரிந்தும் திரும்பினேன்.

ஒரே மாதா கோயிலில் ஞாயிற்றுப் பூசை கண்டு பழகிய உறவுதான் நம்முடையது. அன்று ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக பாபகூராவில் உங்கள் வாசலில் காரை நிறுத்தியபோதும் பூசைக்குப் போகிறவர் போலத்தான் நின்றீர்கள். மடிப்புக் கலையாத வெள்ளைச் சேட்டு, மழித்த முகம், ஓடிக்கோலோன். கார்வரை வருவதற்குள் நின்று நின்று மூச்சு வாங்கினீர்கள்.

வழியெல்லாம் படித்துப் படித்துச் சொன்னேன். நாம் வந்து குடியேறிய இந்த நாட்டில் இருதய ஒப்பரேசனுக்குக் காசு கேட்கமாட்டார்கள். ஆனால் எல்லோருக்கும் உடனே செய்ய அரசாங்கத்தாலும் முடியாது. அதனால் நோயின் வருத்தத்துக்குப் புள்ளி போடுகிறார்கள். எவ்வளவு தூரம் நடப்பீர்கள், எப்போது நோகிறது என்று கேட்டுக் கூட்டுவார்கள். தேவையான அளவுக்குப் புள்ளி காணாவிட்டால் குடும்ப டாக்டரிடமே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

“அழுத பிள்ளைதான் பால் குடிக்கும், அண்ணை. உள்ளதை உள்ளபடி சொல்லுங்கோ.”

“ஓம் ஓம், சொல்லுறன் தங்கச்சி.”

டாக்டரைக் கண்டதும் எழுந்து கைகொடுத்தீர்கள். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டார். “வெரி வெல், டாக்டர்!” நடந்தால் நோகிறதா என்றார். கொஞ்சம்தான் என்றீர்கள். குளியலறைக்குப் போகவே இவருக்கு மூச்சு இளைக்கிறது என்று நான் குறுக்கே விழுந்தேன். தங்கச்சி எதையும் கூட்டித்தான் சொல்லுவாள் என்று ஆங்கிலத்தில் சொல்லிச் சிரித்தீர்கள். டாக்டரும் சிரித்தார். நோயாளி சொன்னதைத்தான் எழுதினார்.

திரும்பும்போது காரில் கத்தினேன்.

“காசு வாங்காமச் சும்மா பாக்கிற இடத்தில போய்க் குறை சொல்லக் கூடாது, தங்கச்சி. என்னைவிட ஏலாத சனம் எவ்வளவு இருக்கு.”

புள்ளி காணவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து மன்றாடினேன். நோயாளியே தன் டாக்டரிடம் சொல்லட்டும் என்றார்கள், அன்பாகத்தான். நீங்கள் சொல்லவில்லை. அந்தக் குளிர்காலம் முடியுமுன் அதே வெள்ளைச் சேட்டோடு உங்களை அடக்கம் செய்தோம். யாரைக் கோபிப்பதென்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. அந்த டாக்டர் நல்ல மனுசன். நீங்கள் அவரைவிட நல்ல மனுசன்.

இன்று என் பெயரைக் கூப்பிட்டார்கள், அண்ணை. படியேறினால் நெஞ்சைப் பிடிக்கிறது என்று சொல்லத்தான் போயிருந்தேன். காரில் எனக்கு நானே சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் போனேன். டாக்டர் கதவைத் திறந்து, எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டார்.

எழுந்து நின்று கைகொடுத்தேன். “வெரி வெல், டாக்டர்” என்றேன்.