மல்லிகா போகப்போகிறாள் என்ற பேச்சு

ஞாயிறு ராத்திரி, அறந்தாங்கி.

இன்றைக்கு நான் ஜெயித்தேன். எங்கள் மல்யுத்த ஷோவில் யார் ஜெயிப்பது என்று மேனேஜர்தான் முன்கூட்டியே சொல்வார். மூன்று வருஷமாக நான் வில்லி, மல்லிகா சாம்பியன்.

அவளுக்குக் கல்யாணம், மாப்பிள்ளையோடு துபாய் போகப்போகிறாள் என்று மேக்கப் ரூமில் ஒரு வாரமாகப் பேச்சு. அது மேனேஜர் காதுக்குப் போய், சாயங்காலம் கதையையே மாற்றிவிட்டார்.

"போற புள்ளைக்கு எதுக்குச் சாம்பியன் பெல்ட்டு? நீ ஜெயிச்சிரு."

ஒரு நிமிஷம் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் உண்மை எனக்குத் தெரியும். பெண் பார்க்க வந்தவர்கள், மேடையில் சண்டை போடுகிற பெண் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். மேனேஜரிடம் சொல்லிவிடுகிறேன் என்றேன். மல்லிகா கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாங்க்கா. பாவம்னு பாப்பாங்க. போறேன்னே நெனைக்கட்டும்."

மேடையில் அவளை மல்லாக்கத் தள்ளித் தோளை அமுக்கினேன். ரெஃப்ரி மூன்று வரை எண்ணினார். மணியும் அடித்தாயிற்று. எழுந்திருக்கப் போனேன். அவள் தேம்பிக்கொண்டிருந்தாள்.

"எந்திரிக்காதக்கா. கொஞ்ச நேரம்."

அப்படியே அவள்மேல் கிடந்தேன். என் முடி அவள் முகத்தை மறைத்தது. ஜெயித்த திமிர் என்று நினைத்துக் கூட்டம் கத்தியது. ஒரு செருப்பும் வந்து விழுந்தது. ரெஃப்ரி என் முதுகில் தட்டிக்கொண்டே இருந்தார். அவள் போதும் என்று சொல்கிற வரைக்கும் நான் எழுந்திருக்கவில்லை.