ஆறாவது வரி

மார்ச் 4
மருத்துவமனை வேலை எங்களுக்கே வந்துவிட்டது. டாக்டரைப் பார்க்க வர வேண்டிய நாளை நோயாளியின் போனுக்கு நினைவூட்டும் மென்பொருள். எந்தக் கணினி மொழியில் எழுதுவது என்று அடுத்த வெள்ளிக்குள் முடிவாக வேண்டும். எதிர்மேசைப் பெண் பைத்தான் என்கிறாள். (குழுவில் சின்னவள். நான் வைத்த பெயர் வாயாடி.) நான் ஜாவாவே போதும் என்றேன். வேகம், பாதுகாப்பு, பழக்கம் என்று அடுக்கினேன். சொல்லாத காரணம் என் கண்.

மார்ச் 5
கண் டாக்டர் சொன்னது மனைவிக்கு மட்டும்தான் தெரியும். கண்ணாடி மாற்றிப் பயனில்லை, மெல்லக் குறையும். எழுத்தைப் பெரிதாக்கி ஓட்டுகிறேன். பெரிதாக்கினால் நீள வரிகள் மடிந்து விழுகின்றன. எந்த வரி எந்தப் பகுதியைச் சேர்ந்தது என்பதை ஜாவாவில் அடைப்புக்குறியைப் பிடித்துக்கொண்டு கண்டுவிடலாம். பைத்தானில் வரி எவ்வளவு உள்ளே தள்ளி இருக்கிறது என்பதே கணக்கு. அதுதான் எனக்குப் பிடிபடுவதில்லை.

"ஆபீஸ்ல சொல்லிடுங்களேன்" என்கிறாள் மனைவி. சொன்னால்? ஒரு மூலையில் உட்கார வைத்துவிடுவார்கள்.

மார்ச் 6
எதிலும் மனம் நிற்கவில்லை. டீயைத் திரும்பத் திரும்பச் சூடு பண்ணிக் குடிக்காமலே கொட்டினேன்.

மார்ச் 7
மேனேஜர், "ரெண்டு பேரும் பைத்தான்லயே சின்னதா ஒண்ணு எழுதிக் காட்டுங்க, அப்புறம் பேசலாம்" என்றார். சோதனைக்குத் தன் போன் எண்ணையே கொடுத்தார். என்னுடையதை ஓட்டியதும் அவர் போன் அலறத் தொடங்கியது, நிற்கவே இல்லை. ஒரு தடவை மட்டும் ஓட வேண்டிய வரி, என் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே தள்ளி, திரும்பத் திரும்ப ஓடும் பகுதிக்குள் போயிருந்தது. எல்லோரும் சிரித்தார்கள். வாயாடி சிரிக்கவில்லை.

"வேணும்னேதானே பண்ணீங்க அண்ணா? பைத்தான் மோசம்னு காட்டறதுக்கு?"

நான் மறுக்கவில்லை.

மார்ச் 8
ஏன் மறுக்கல? ஏமாத்துக்காரன்னு நினைச்சா நினைக்கட்டும், கண்ணு தெரியாதவன்னு நினைக்கக் கூடாது — அதானே? வெக்கமா இல்லையாடா உனக்கு?

மனைவியிடம் சொன்னேன். திட்டவில்லை. "பாவம், அந்தப் பொண்ணு" என்று மட்டும் சொன்னாள்.

மார்ச் 10
சொல்லிவிட்டேன். எல்லோர் முன்பும், நின்றுகொண்டே, ஒரே மூச்சில். மேனேஜர் பேனாவை மூடுவதும் திறப்பதுமாக இருந்தார். வாயாடிதான் முதலில் பேசினாள். "முன்னாடியே சொல்லியிருந்தா உங்களுக்கு எது சரிப்படும்னு பாத்திருப்போம்ல?" கோபமாகத்தான் கேட்டாள்.

மார்ச் 14
பைத்தான்தான். என் கையும் உயர்ந்தது. மருத்துவமனையில் இதைப் பின்னால் பார்த்துக்கொள்ளப் போகிறவர்களுக்கு அதுதான் தெரியும். இது எனக்கு முதல் நாளே தெரியும்.

ஏப்ரல் 2
எனக்குப் பெரிய திரை வந்திருக்கிறது. உள்ளே தள்ளும் ஒவ்வோர் அளவுக்கும் ஒரு நிறம் என்று வாயாடி அமைத்துக் கொடுத்தாள். எழுத்துகள் கட்டைவிரல் பருமன். ஒரே தொல்லை, அறையில் இருக்கும் எல்லோராலும் படிக்க முடிகிறது. இன்று தண்ணீர் பிடிக்கப் போனவள் அங்கிருந்தே, "அண்ணா, ஆறாவது வரி தப்பு" என்றாள். மேனேஜரும் திரும்பிப் பார்த்தார். முன்பென்றால் திரையை அணைத்திருப்பேன். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, மேலிருந்து எண்ணிக்கொண்டே வந்து பார்த்தேன்.

தப்புதான்.