மரியாதை தெரியாத ராட்டினம்

ஜூன் 3, செவ்வாய்

மிஷின் வந்துவிட்டது. வரும் வரும் என்று இத்தனை நாள் பூச்சாண்டி காட்டியது. இன்று லாரியிலிருந்து இறங்கி, எங்கள் தோல் ஃபேக்டரியின் ஃபினிஷிங் ஹாலில் ஸ்ப்ரே லைனுக்குப் பக்கத்தில் புது மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருக்கிறது. பெரிய வட்டத் தட்டு ஒன்று, அதைச் சுற்றி சாய டப்பாக்கள். வேண்டிய நிறத்தைச் சொன்னால் தட்டு சுற்றி நின்று, ஒரு டப்பாவிலிருந்து கொஞ்சம், இன்னொன்றிலிருந்து ஒரு சொட்டு என்று எடைபோட்டு ஊற்றித் தானே கலக்கித் தருகிறது. அதோடு ஒயரில் தொங்கும் ஒரு கண். சாயம் அடித்துக் காய்ந்த தோல்மேல் அதை வைத்து அழுத்தினால் பளிச்சென்று வெளிச்சம் அடித்து, தோல் வாங்குகிற பார்ட்டி ஒப்புக்கொண்ட மாதிரித் துண்டோடு ஒப்பிட்டு நம்பர் போடுகிறது. ஒன்று என்றால் பாஸ். இரண்டு என்றால் இன்னொரு கோட் அடித்தால் தேறும். மூன்று என்றால் திரும்ப முதலிலிருந்து.

அதாவது, கல்யாணத்துக்கு முன்னாலிருந்து நான் செய்துவருகிற வேலை.

பொருத்த வந்த சென்னை இன்ஜினியர் பரத், "இது உங்க கண்ணு மாதிரிதான் மேடம், டயர்டு மட்டும் ஆகாது" என்று சிரித்தான். எங்கள் மாஸ்டர் மக்பூல் பாய் அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "இன்னாம்மா இது, திருவிழா ராட்டினம் மாதிரி கீது" என்றார். மதியத்துக்குள் ஹால் முழுக்க ராட்டினம் என்றே பேர் வைத்துவிட்டார்கள்.

இந்த மாதம் முழுக்க நானும் அதுவும் ஒரே தோலைத் தனித்தனியாகப் பார்த்து நம்பர் சொல்ல வேண்டுமாம். அப்புறம்? அதை யாரும் சொல்லவில்லை.

ஜூன் 5, வியாழன்

மாதாந்திர செக்கப். ஷிஃப்ட் முடித்துவிட்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனேன். கழுத்து நெறிக்கட்டி நன்றாக அமுங்கியிருக்கிறதாம். பிப்ரவரியில் அது டிபி என்று சொன்னபோது கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கழுத்தில் வருவது யாருக்கும் ஒட்டாது என்று டாக்டர் சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னார். அதை ஹாலில் இருக்கும் ஐம்பது பேருக்கும் யார் போய்ச் சொல்வது? அதனால் துப்பட்டாவைக் கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொண்டு போகிறேன். வீட்டில் என் கணவர் பூவரசனுக்கு மட்டும்தான் தெரியும்.

மாத்திரை தருகிற அக்கா எப்போதும் போல, "கண்ணு மங்கலா இருக்கா, கலர்லாம் சரியா…" என்று ஆரம்பித்தாள். நான் முடிக்க விடவில்லை. "நான் கலர் பார்த்துத்தான் சம்பளமே வாங்கறேன்" என்றேன். அவளும் சிரித்துக்கொண்டே டிக் போட்டாள்.

ராட்டினமும் நானும் இன்றைக்கு எல்லாத் தோலுக்கும் ஒரே நம்பர். சந்தோஷப்படுவதா பயப்படுவதா தெரியவில்லை.

ஜூன் 7, சனி

பக்ரீத். லீவு. ஹஃப்ஸா வீட்டிலிருந்து பிரியாணி வந்தது. என் பக்கத்து டேபிளில் வேலை பார்க்கிற பெண்; நான் வாயைத் திறந்தால் வேதவாக்கு என்று நினைக்கிறவள். இனி ஊர் முழுக்க லாரி லாரியாகப் பச்சைத் தோல் வந்து இறங்கும். நாற்றத்துக்கு ஜன்னலைச் சாத்த வேண்டியதுதான்.

தக்காளி எல்லாம் வெளுத்துப்போய் வருகிறது. கடைக்காரனைக் கேட்டால், "நல்லா பழுத்ததுதான்க்கா" என்று சாதிக்கிறான்.

ஜூன் 10, செவ்வாய்

முதல் சண்டை. ஆற்காடு மக்கன் பேடா இனிப்பின் மேல்தோல் மாதிரி ஒரு பிரவுன் இருக்கிறது. பார்ட்டி அதற்கு வாயில் நுழையாத ஒரு இத்தாலிப் பேர் வைத்திருக்கிறான், எங்களுக்கு அது மக்கன் பேடா. அந்த லாட்டை நான் பார்த்து ஒன்று என்றேன். ராட்டினம் மூன்று என்றது. மக்பூல் பாய் தோலைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி தோலைப் பார்த்தார். அப்புறம், "கலை சொன்னா சொன்னதுதான். மிஷினுக்கு இன்னா தெரியும்? பேக் பண்ணுங்கப்பா" என்றார்.

எவ்வளவு நிம்மதி. வீட்டுக்கு வரும் வழியில் மல்லிகைப்பூ வாங்கிக்கொண்டேன்.

ஜூன் 12, வியாழன்

இன்றும் ராட்டினம் இரண்டு தோலில் அடம் பிடித்தது. கண்ணாடி அழுக்காக இருக்கும் என்று துடைத்தார்கள்.

மாத்திரை சாப்பிட ஆரம்பித்ததிலிருந்து சிறுநீர் செக்கச் செவேலென்று போகும், அது மருந்தின் நிறம் என்றார்கள். இப்போது அவ்வளவு சிவப்பாக இல்லை. மருந்து வேலை செய்யவில்லையோ?

ஜூன் 13, வெள்ளி

பரத்தை வரவழைத்தார்கள். வெள்ளைப் பீங்கான் வில்லை ஒன்றை வைத்துச் சோதித்தான். மிஷினில் ஒரு குறையும் இல்லையாம். "அப்போ எங்க கலைக்குக் கண்ணு தெரியலையா?" என்று பாய் எகிறினார். ஹாலே சிரித்தது. நானும் சிரித்தேன்.

சிரித்து முடித்த பிறகு அந்தப் பீங்கான் வில்லையை எடுத்து உற்றுப் பார்த்தேன். ஏன்?

ஜூன் 16, திங்கள்

எழுதவே கை வரவில்லை.

காலையில் பாய் ஒரு தோலைக் கொண்டுவந்து, "கலை, இது கொஞ்சம் பச்சையா கீதும்மா" என்று டேபிளில் போட்டுவிட்டுப் போனார். காயவில்லை என்கிறாரே என்று அதை மறுபடி டிரையரில் விட்டேன். வெளியே வந்ததும் அவரிடம் கொண்டுபோனேன். பார்த்துவிட்டு மறுபடி, "பச்சையாவே கீதே" என்றார். மறுபடியும் டிரையரில் விட்டேன். தோல் அப்பளமாகிவிட்டது. அவர் அதை மடக்கிப் பார்த்துவிட்டு, "நான் இன்னா சொல்றேன், நீ இன்னா பண்ணிக்கினு கீறே? கலர் பச்சை அடிக்குது, கொஞ்சம் சிவப்பு ஏத்துன்னு சொன்னா, நீ போய் வறுத்து எடுத்துக்கினு வர்றே" என்றார்.

எங்கள் வேலையில் பச்சை என்றால் பதனிடாத தோல். பச்சை என்றால் காயாத சாயம். பச்சை என்றால் பச்சை நிறம். இத்தனை வருஷத்தில் எந்த இடத்தில் எந்தப் பச்சை என்று நான் ஒருநாளும் குழம்பியது இல்லை, தோலைப் பார்த்தாலே தெரிந்துவிடும். இன்றைக்கும் பார்த்தேன். பச்சை நிறம் என்ற எண்ணமே வரவில்லை. ஏன் வரல? அதுல பச்சை இருந்தாத்தானே வரும். அவருக்கு இருக்குது. எனக்கு இல்ல.

ஜூன் 17, செவ்வாய்

எல்லோரும் வருவதற்கு முன்னால் போனேன். ராட்டினத்தில் மக்கன் பேடாவை மூன்று கிண்ணத்தில் கலக்கச் சொன்னேன். ஒன்று சரியானது, ஒன்றில் சிவப்பு கூடுதல், ஒன்றில் பச்சை கூடுதல். மூன்று கழிவுத் துண்டில் பூசிக் காயவைத்து, பின்னால் எழுதிவிட்டு, கலைத்துப் போட்டேன். ஜன்னலோரம் நின்று பார்த்தேன். கிட்டே வைத்து, தள்ளி வைத்து, சாய்த்து.

மூன்றும் ஒன்றுதான். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்.

ராட்டினத்தின் கண்ணை வைத்தேன். ஒன்று, மூன்று, மூன்று.

ஹஃப்ஸா வந்துவிட்டாள். "இன்னாக்கா, அதுகூட தனியா பேசிக்கினு கீறீங்க?" என்றாள். டெஸ்ட் பண்ணுகிறேன் என்றேன். எதை என்று சொல்லவில்லை.

மாத்திரை அக்கா ஏன் மாதாமாதம் அந்தக் கேள்வியைக் கேட்கிறாள் என்று இப்போதுதான் உறைக்கிறது. ஒரு தடவையாவது முழுசாகக் கேட்டிருக்கலாம். வாய். என் வாய்.

ஜூன் 18, புதன்

காலையில் கிளம்பும்போதே பூவரசனிடம் சொல்லிவிட்டேன். வெளியில் கூட்டிக்கொண்டுபோய் வேப்பிலையைக் காட்டினார், செம்பருத்தியைக் காட்டினார், குழந்தைக்குக் காட்டுகிற மாதிரி. அதெல்லாம் தெரிகிறது, மங்கலாகத் தெரிகிறது என்றேன். அவருக்கு முகம் செத்துவிட்டது.

மாத்திரையை நிறுத்தினால் கழுத்துக்கு ஆபத்து. நிறுத்தாவிட்டால் கண்ணுக்கு. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. "நாமளா எதையும் நிறுத்தக் கூடாது. வெள்ளிக்கிழமை வேலூர் போய்ப் பெரிய ஆஸ்பத்திரில காட்டிடலாம்" என்றார்.

அதே வெள்ளிக்கிழமைதான் மக்கன் பேடா லாட் கன்டெய்னரில் ஏறுகிறது. நான் பாஸ் என்று சொன்ன லாட். ராட்டினம் மூன்று சொன்னதை அடித்துவிட்டு, தன் பேரில் கையெழுத்துப் போட்டு அனுப்புகிறவர் பாய். அது திரும்பி வந்தால் அவர் தலை உருளும். தடுக்க வேண்டும் என்றால் நான் வாயைத் திறக்க வேண்டும். திறந்தால் கண்ணைச் சொல்லணும். கண்ணைச் சொன்னால் மாத்திரையைச் சொல்லணும். மாத்திரையைச் சொன்னால் கழுத்து. அப்புறம் இன்னா இருக்குது எங்கிட்ட? கலர் தெரியாதவளுக்கு ஃபினிஷிங்ல இன்னா வேலை?

நாளைக்குச் சொல்லணும். சொல்லியே ஆகணும்.

ஜூன் 19, வியாழன்

சொல்லிவிட்டேன். டீ பிரேக்கில், ராட்டினத்துக்குப் பக்கத்தில் வைத்து. ஹஃப்ஸாவும் இருந்தாள், போகச் சொல்லவில்லை. துப்பட்டாவை எடுத்துக் கழுத்தைக் காட்டினேன். மூன்று துண்டையும் காட்டினேன். கடைசியாக லாட்டைச் சொன்னேன்.

பாய் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். திட்டுவார் என்று நினைத்தேன். மூன்று துண்டையும் மறுபடி புரட்டிப் பார்த்துவிட்டு, "அன்னிக்கே எனக்கு அது பச்சை அடிக்கிற மாதிரிதான் தெரிஞ்சுது. நீ பாஸ்னு சொல்லிட்டே. என் கண்ணு புரை ஆபரேஷன் பண்ண கண்ணாச்சே, நமக்குத்தான் கோளாறுன்னு விட்டுட்டேன்" என்றார்.

நான் ஹஃப்ஸாவைப் பார்த்தேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு, "எனக்கும்தான்க்கா. நீங்க சொல்லும்போது நான் எப்படி…" என்றாள்.

எனக்கு வந்த கோபம். இத்தனை பேருக்குத் தெரிஞ்சிருக்கு, ஒருத்தர் சொல்லல. மரியாதையாம் மரியாதை. இந்த மரியாதையை வெச்சிக்கினு நான் குருடியாகியிருப்பேன். ஹாலுக்கு வந்து மூன்று வாரம் ஆகாத அந்த ராட்டினத்துக்குத்தான் நான் யாரென்று தெரியவில்லை, அதனால் அது மட்டும்தான் மூஞ்சிக்கு நேராகச் சொன்னது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். ஹஃப்ஸா கழுத்தைக் கட்டிக்கொண்டாள், அந்தக் கழுத்தைத்தான்.

பாய் எழுந்துபோய் லாட்டை நிறுத்தினார். கன்டெய்னர் இந்த வாரம் போகாது. மேலிடத்தில் என்ன சொன்னார் என்று என்னிடம் சொல்லவில்லை, கேட்க எனக்கும் தைரியம் இல்லை.

ஜூன் 20, வெள்ளி

வேலூர். புள்ளி புள்ளியாக ஒரு புத்தகம் காட்டினார்கள். புள்ளிக்குள் எண் இருக்கிறதாம். முதல் பக்கத்தில் இருந்தது. மற்றதெல்லாம் வெறும் புள்ளி. பக்கத்தில் நின்ற பூவரசன் உதடு அசைத்து ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டிருந்தார், அதைப் பார்க்கத்தான் பயமாக இருந்தது.

டாக்டரம்மா நிதானமாகச் சொன்னார். "உங்க மாத்திரையில இருக்கிற ஒரு மருந்தோட வேலை இது. அதை மட்டும் இன்னிக்கே நிறுத்தறோம். மத்ததை விடக் கூடாது. உங்க டிபி டாக்டர்கிட்ட நானே பேசிடறேன். எழுத்து இன்னும் நல்லாத்தான் படிக்கிறீங்க, அதனால சாதாரண ஆளா இருந்தா இன்னும் ஒரு மாசம் கழிச்சுதான் வந்திருப்பாங்க. எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

மிஷின் சொன்னது என்றேன். அவருக்குப் புரியவில்லை.

கலர் திரும்பி வருமா என்று கேட்டேன். "நிறைய பேருக்கு வருது. முழுசா வரும்னு நான் வாக்குக் கொடுக்க மாட்டேன்" என்றார்.

ஜூன் 23, திங்கள்

வேலை போகவில்லை. இப்போதைக்கு. ராட்டினத்தில் டப்பா நிரப்புகிற இடத்தில் உட்காரச் சொல்லியிருக்கிறார்கள். டப்பாமேல் பேர் எழுதியிருக்கிறது, அதனால் பிழைத்தேன். என் டேபிளில் ஹஃப்ஸா. நடந்தது ஹாலில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. இரண்டு பேர் தள்ளி உட்கார்ந்து சாப்பிட்டார்கள். மற்றவர்கள் எப்போதும் போல என் சாப்பாட்டு டப்பாவில் கை விட்டார்கள்.

பாய் புதுச் சட்டம் போட்டிருக்கிறார். எந்தத் தோலாக இருந்தாலும் புது ஆள் முதலில் சொல்ல வேண்டும், பழைய ஆள் அப்புறம். யாரும் யார் முகத்தையும் பார்க்கக் கூடாது. எல்லோரும் சொல்லி முடித்த பிறகுதான் ராட்டினம். "கலை, நீ எல்லாருக்கும் கடைசி. அதுவரைக்கும் வாயத் தொறக்காதே" என்றார். என்னைக் கடைசியில் வைத்தார், கணக்கிலிருந்து எடுக்கவில்லை.

ஜூலை 9, புதன்

மாற்றம் இல்லை. டாக்டரம்மா பொறுமை என்கிறார். பொறுமையை எந்தக் கடையில் விற்கிறார்கள்?

ஜூலை 28, திங்கள்

மக்கன் பேடா லாட் மறுபடி சாயம் அடித்துப் போய்ச் சேர்ந்துவிட்டதாம். எனக்கு மாற்றம் இல்லை.

ஆகஸ்ட் 14, வியாழன்

ஆஸ்பத்திரியில் மூன்றாவது பக்கத்து எண் தெரிந்த மாதிரி இருந்தது. தெரிந்ததா, போன தடவை பூவரசனின் உதடு பார்த்து மனப்பாடம் ஆனதா? டாக்டரம்மாவிடம் சொன்னேன். சிரித்துவிட்டு வேறு புத்தகம் எடுத்துவந்தார். அதிலும் ஒன்று தெரிந்தது.

செப்டம்பர் 3, புதன்

டிபி மருந்து முடிந்தது. ஒரு மாத்திரையை நிறுத்தியதற்கு ஈடாகக் கொஞ்ச நாள் கூடுதலாகச் சாப்பிட வைத்தார்கள். துப்பட்டாவை இன்று இடது தோளில் மட்டும் போட்டுக்கொண்டு போனேன்.

கண் பாதிதான். ஹஃப்ஸாவின் துண்டுகளை எடுத்துப் பார்ப்பேன், வித்தியாசம் தெரியாது, வைத்துவிடுவேன். இப்படியே நின்றுவிடுமோ என்று ஒவ்வொரு காலையும் பயம்.

அக்டோபர் 7, செவ்வாய்

இன்று டேன் கலரில், அதாவது வெளிர் பிரவுனில், ஒரு லாட். வரிசையாக நின்றோம். ஜன்னலோரம் ஹஃப்ஸா தோலைப் பிடித்தாள். அவள் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, சிவப்பு தூக்கல். மங்கலாக இல்லை, யோசிக்கவும் இல்லை, பார்த்ததும் தெரிந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றேன். "சிவப்பு ஜாஸ்தி, ரெண்டு போடலாம்" என்றாள் ஹஃப்ஸா, என் பக்கம் திரும்பாமல். பாயும் ரெண்டு என்றார். அதற்குள் ஆபீசிலிருந்து யாரோ அவசரமாகக் கூப்பிட, என்னைக் கேட்காமலே மிஷினின் கண்ணை வைத்துவிட்டார்கள். ரெண்டு.

வீட்டுக்கு வந்து பூவரசனிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை அப்படியே வைத்துக்கொண்டு, "தெரிஞ்சுதுன்னா அங்கயே சொல்ல வேண்டியதுதானே" என்றார்.

என் முறை வரவில்லை என்றேன்.