வேண்டா என்றால் வேண்டாம் இல்லை

ஜனவரி 20
இன்றும் இடது கால் செருப்பு எங்கோ கழன்றுவிட்டது. தெருமுனை வந்த பிறகு மகள் கீர்த்தனா பார்த்துச் சொன்னாள். கழன்றதே எனக்குத் தெரியவில்லை. பாதம் அப்படி மரத்துக் கிடக்கிறது.

முதுகெலும்பு முடிகிற இடத்தில் கட்டி. செங்கல்பட்டில் ஆபரேஷன் ஆகி, எடுத்தது போக மிச்சம் நரம்பை ஒட்டிக்கொண்டிருக்கிறது. அது வளர்ந்தால் கால் போகும், ஒன்றுக்கு அடக்குவதும் போகும் என்று டாக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். மறைமலைநகரில் கார் சீட் தைத்துக்கொண்டு, கம்பெனி பஸ்ஸில் சண்டை போட்டு ஜன்னலோரம் பிடித்தவள் நான்!

ஜனவரி 24
சென்னை ஆஸ்பத்திரி. புரோட்டான் சிகிச்சையாம். என் வீட்டுக்காரர், "கரண்ட் வெக்கறதுதானே சார்?" என்றார்.

"அந்த வகைதான், கதிர்வீச்சு. ஆனா சாதாரண கரண்ட் கட்டியைத் தாண்டியும் போகும். இது கட்டியில போய் நின்னுடும். அதனால சுத்தி இருக்கிற குடலுக்குச் சேதம் கம்மி."

"பிரேக் நல்லா புடிக்கும்னு சொல்லுங்க!"

மாமல்லபுரத்தில் வேன் ஓட்டுகிறவருக்கு வேறெப்படிப் புரியும்? ஸ்கேன் எடுத்து, அசையாமல் படுக்க அச்சும் எடுத்தார்கள். இடம் கிடைத்ததும் போன் வருமாம்.

ஜனவரி 30
போன் வந்தது. மலையாள நர்ஸ். "ட்ரீட்மென்ட்டுக்கு டேட் ரெடி. யாரு பேசறது?"

"வேண்டா."

"வேண்டாவா? உறுதியா?"

"ஆமாம்மா, வேண்டாதான்."

சரி என்று வைத்துவிட்டாள். தேதி சொல்லவே இல்லையே? திரும்பக் கூப்பிடுவாள்போல.

பிப்ரவரி 5
போன் இல்லை.

பிப்ரவரி 8
நானே கூப்பிட்டேன். "நீங்கதான் வேண்டாம்னுட்டீங்களே. அந்த இடத்தை வேற ஆளுக்குக் கொடுத்தாச்சு."

எவ சொன்னா? நான் இன்னாத்துக்கு வாணாம்னு சொல்றேன்? கத்திவிட்டுப் போனை வைத்துவிட்டேன்.

கீர்த்தனா கேட்டாள்: "அன்னிக்கி அவங்க கேட்டப்போ நீ இன்னாம்மா சொன்ன?"

"பேரைச் சொன்னேன்."

தலையில் அடித்துக்கொண்டாள். அப்புறம் அவளும் இவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் அழுதேன். மூன்றாவதும் பெண்ணாய்ப் போனேன் என்று வைத்த பெயர். அடுத்துத் தம்பி பிறந்துவிட்டான், பெயருக்கு வேலை முடிந்தது. அத்தோடு விட்டதா சனியன்? இப்போது என் காலையும் வாங்கப் பார்க்கிறது.

பிப்ரவரி 10
நேரில் போனோம். கிழிகிழி என்று கிழிக்கத்தான் போனேன். அந்த நர்ஸ் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்க ஊர்ல வேண்டான்னா வேண்டாம்தான் சேச்சி" என்று கண் கலங்கினாள். எங்கே திட்டுவது? டாக்டர் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு! ஆனாலும் அடுத்த வாரமே இடம் கொடுத்தார். அப்பாடா.

என் சீட்டில் இப்போது பெரிதாக எழுதி வைத்திருக்கிறார்கள்: பெயர் வேண்டா. சிகிச்சை வேண்டும்.

பிப்ரவரி 18
முதல் நாள். அச்சில் படுத்தேன். மூச்சு விடவே பயம். சூடு இல்லை, வலி இல்லை. எப்போது ஆரம்பிப்பார்கள் என்று கேட்டால், முடிந்துவிட்டதாம்! இதற்கா இத்தனை நாள் தூங்காமல் கிடந்தேன்?

மார்ச் 15
தோல் கறுத்து எரிகிறது. உட்கார முடியவில்லை. இவரைக் காரணமில்லாமல் திட்டினேன். பாவம், மோர் கலக்கிக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

ஏப்ரல் 5
கடைசி நாளும் ஆயிற்று. இனி ஸ்கேன் வரை காத்திருக்க வேண்டும். அதுதான் பெரிய தண்டனை.

ஜூலை 14
வளரவில்லை! கொஞ்சம் சுருங்கிக்கூட இருக்கிறதாம். "இப்படியே இருந்தா போதும், தொடர்ந்து பார்த்துக்கிட்டே இருப்போம்" என்றார் டாக்டர். ரயிலில் செங்கல்பட்டு வரும்வரை இவர் அந்த ரிப்போர்ட்டைப் பிரிப்பதும் மடிப்பதுமாக இருந்தார்.

ஜூலை 20
கீர்த்தனாவுக்கு வரன் அமைய வேண்டும் என்று திருவிடந்தை கோயிலுக்குப் போனோம். கிளம்பத் தாமதம், உச்சி வெயில். மாலையோடு பிராகாரம் சுற்றிய கீர்த்தனா கல் தளத்தின் சூடு தாங்காமல் ஓடினாள். "ஐயோ, சுடுது, சுடுது" என்று கத்திக்கொண்டு நானும் பின்னால் ஓடினேன். மண்டப நிழலில் போய் நின்ற பிறகுதான் மூன்று பேருக்கும் உறைத்தது.

இவர் கோயில் என்றும் பார்க்காமல் குனிந்து என் இடது பாதத்தைத் தொட்டார். "இன்னாமே, இந்தக் காலுமா சுட்டுது?"

"அதுதான் ரொம்ப சுட்டுது" என்றேன்.