வெயில் ஏறும்வரை மடங்காத விரல்கள்

அக்கா,

இன்று மதியம் சாமைச் சோறு வடித்தேன். கடைக்கு மருந்து வாங்க வந்த ஒருத்தி, புதுச் சாமை என்று ஒரு படி கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். கஞ்சி கொதித்து வாசனை எழுந்ததும் அடுப்பின் முன்னால் என்னால் நிற்க முடியவில்லை. அறுவடை முடிந்ததும் முதல் படியை நீ எனக்குத்தான் கொண்டுவருவாய். "வூட்டுக்காரருக்கு அப்பறம் போடு, மொதல்ல நீ துன்னு" என்பாய். நீ போன இந்த மூன்று வருடத்தில் நான் சாமை வாங்கவே இல்லை. அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்து அழுதேன். அழுது முடித்ததும் கோபம் வந்தது, வழக்கம்போல என் மேலேயே. அதனால்தான் எழுதுகிறேன். உனக்குப் படிக்கத் தெரியாது என்பது எனக்குத் தெரியும். தெரிந்திருந்தால், நான் மடித்துக் கொடுத்த பொட்டலத்தில் என்ன இருக்கிறது என்று ஒரு நாளாவது கேட்டிருப்பாய்.

என் வீட்டுக்காரருக்கு வெள்ளிமலைப் பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்து, நான் மருந்துக்கடை போட்ட இரண்டாவது மாதம் நீ வந்தாய். உன் ஊரிலிருந்து ஒரு மணி நேர நடை. தலையில் இருந்த மூட்டையை இறக்காமலேயே இரண்டு கைகளையும் கண்ணாடி மேசையின் மேல் வைத்தாய். இரண்டு கையிலும் விரல் முட்டிகள் ஒரே மாதிரி வீங்கிச் சிவந்திருந்தன.

"இத பாரு புள்ள. உள்ளாற எவனோ குத்திக்கினே இருக்கான். இன்னா ஏதுன்னு தெரியல."

எனக்கு மட்டும் தெரிந்துவிட்டதாக்கும். நான் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ஒரு செட்டு போட்டுக் கொடுத்தேன். படிப்பு முடித்த கையோடு சங்கராபுரத்தில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்த்தபோது கற்றுக்கொண்ட வித்தை அது. வலி என்று யார் வந்தாலும் அங்கே செட்டுதான். வலிக்கு ஒன்று, வீக்கத்துக்கு ஒன்று, வயிறு எரியாமல் இருக்க ஒன்று, கூடவே ஒரு சின்ன வெள்ளை மாத்திரை. அது ஸ்டீராய்டு. டாக்டர் சீட்டு இல்லாமல் தரக் கூடாதது. ஆனால் அதைச் சேர்த்தால்தான் மறுநாள் ஆள் சிரித்துக்கொண்டே வருவார், ஊர் முழுக்க நம் கடையைப் பற்றிச் சொல்வார். எங்கே வலி, எப்போதிலிருந்து, எதனால் என்று அந்தக் கடையில் யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

மூன்றாம் நாள் நீ மறுபடி நடந்து வந்தாய். வாங்க அல்ல, சொல்ல. "புள்ள, இன்னாத்த குடுத்த நீ? இன்னிக்கி என் தலய நானே வாரிக்கினேன்." உன் மகள் பின்னால் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அப்போது பதினைந்து வயது இருக்கும். அன்றைக்கு எனக்கு வந்த கர்வத்தை இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அந்தப் பொட்டலம் ஏழு வருடம் ஓடியது. பத்து நாளைக்கு ஒரு தடவை வருவாய். மருந்து ஒரு சாக்கு. வந்து உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டாய். மலைக்கு மேல் எனக்கு இருந்த ஒரே சொந்தம் நீ. என் மகன் பிறந்த சமயம் மழையில் மண் சரிந்து மலைப்பாதை அடைபட்டு, ரிஷிவந்தியத்திலிருந்து என் அம்மா வர முடியாமல் போனது. பத்து நாளும் எனக்கு வெந்நீர் ஊற்றியது நீ, குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டியது நீ. அந்தக் கை அப்போது நன்றாக மடங்கியது. என் மாத்திரையால்தான் மடங்கியது. உன்னிடம் நான் செய்தது வெறும் பாவம் என்று சொல்லி ஒதுக்கிவிடவும் இதனால்தான் முடியவில்லை.

உன் வலிக்கு ஆளாளுக்கு ஒரு காரணம் வைத்திருந்தோம். மரவள்ளி பிடுங்கிப் பிடுங்கித்தான் என்றார் உன் வீட்டுக்காரர். வாய்வு என்றார்கள் உன் ஊரில். பச்சைத் தண்ணீரில் கை வைக்காதே என்றேன் நான். வேலையைக் குறை, ஓய்வெடு என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னோம். நீ மட்டும் வேறொன்று சொன்னாய். ஒரு தடவை இல்லை, பல தடவை.

"ரெஸ்ட் எடுத்தாத்தான் புள்ள ஜாஸ்தியாவுது. காலைல எழுந்தா ஒரு வெரலு மடங்காது. தம்ளாரகூட புடிக்க முடியல. வெயிலு ஏறனும். வேல செய்யச் செய்ய கம்மியாயிடும்."

"அப்படின்னா உனக்கு வேலைதான்கா மருந்து. ராத்திரியும் போய் ரெண்டு செடி பிடுங்கு" என்று நான் கிண்டல் செய்தேன். நீயும் சிரித்தாய். வேலையால் வந்த வலி வேலை செய்தால்தானே கூட வேண்டும்? இது ஏன் தலைகீழாக இருக்கிறது என்று மருந்தாளுநர் படிப்பு படித்த எனக்கு உறைக்கவில்லை. காரணம் எங்கேயும் ஒளிந்திருக்கவில்லை, அக்கா. பத்து நாளைக்கு ஒரு தடவை என் எதிரில் உட்கார்ந்து அதுவே பேசிக்கொண்டிருந்தது. நான்தான் வலியை அடக்கிக் கொடுத்து, அதன் வாயையும் அடைத்துக்கொண்டிருந்தேன்.

நான்காவது வருடத்தில் உன் முகம் உருண்டு பளபளவென்று ஆனது. ஆடித் திருவிழாவில் பார்த்தவர்கள் எல்லாம் "இன்னா, கல்யாணப் பொண்ணாட்டம் ஆயிட்ட" என்று உன் கன்னத்தைக் கிள்ளினார்கள். மாத்திரை உடம்புக்கு ஒத்துக்கொண்டது என்று நீ என்னைக் கைகாட்டினாய். அந்த உப்பல்தான் அந்த மாத்திரை உடம்பில் ஏறியதற்கு அடையாளம் என்று நான் புத்தகத்தில் படித்து, பரீட்சையில் எழுதி, மார்க்கும் வாங்கியிருக்கிறேன். உன் முகத்தில் பார்த்தபோது எனக்கும் அது ஆரோக்கியமாகத்தான் தெரிந்தது. பிறகு உன் தோல் காகிதம் மாதிரி ஆனது. லேசாக இடித்தாலும் கன்றிப்போனது. முள் கீறிய புண் இரண்டு மாதம் ஆறவில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு களிம்பு கொடுத்தேன்.

ஏழாவது வருடத்தில் எனக்கு முழங்கால் வலி வந்ததும், பார், எனக்கு நானே செட்டு போட்டுக்கொள்ளவில்லை. நேராகக் கள்ளக்குறிச்சிக்குப் போய் மூட்டு டாக்டரைப் பார்த்தேன். அவர் நிதானமானவர். காலையில் எழுந்ததும் மூட்டு விறைப்பாக இருக்கிறதா, எவ்வளவு நேரம் இருக்கிறது, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வருகிறதா, ஓய்வெடுத்தால் கூடுகிறதா என்று கேட்டார். எனக்கு எல்லாவற்றுக்கும் இல்லை என்பதுதான் பதில். ஆனால் ஒவ்வொரு கேள்வியிலும் நீ என் எதிரில் கைகளை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாய்.

"இதெல்லாம் இருந்தா என்ன சார்?" என்று கேட்டேன்.

"அது தேய்மானம் இல்லம்மா, வேற நோய். உடம்பே தன்னோட மூட்ட எதிரின்னு நெனச்சி தாக்கும். வேலை செஞ்சதால வர்றது கிடையாது. சீக்கிரம் கண்டுபிடிச்சா கைய காப்பாத்திடலாம். ஏன், யாருக்காவது இருக்கா?"

"எங்க ஊர்ல ஒரு அக்காவுக்கு."

"கூட்டிட்டு வாங்க. ஏதாவது மாத்திரை சாப்பிடுறாங்களா?"

சொல்ல வேண்டிய இடம் அதுதான். "சும்மா வலி மாத்திரைதான் சார்" என்றேன். வெட்கம், பயம், என் கடை, என் பெயர் எல்லாம் சேர்ந்து என் வாயை மூடின. அன்று உண்மையைச் சொல்லியிருந்தால், அந்த வெள்ளை மாத்திரையைச் சட்டென்று நிறுத்திவிடக் கூடாது என்று அவர் ஒரு வரி சொல்லியிருப்பார். அந்த ஒரு வரி எனக்குத் தெரிந்ததுதான். எப்போதோ படித்தது. வெறும் படிப்பாகவே மண்டைக்குள் கிடந்தது.

மலைக்கு மேலே திரும்பி வந்ததும் எனக்கு ஞானம் பிறந்துவிட்டது. அடுத்த தடவை நீ வந்தபோது, இனிமேல் அந்தப் பொட்டலம் கிடையாது என்றேன். "டாக்டர்கிட்ட வரணும்கா. வந்தாதான் மருந்து."

"கெழங்கு லோடு ஏத்தற நேரம் புள்ள. அடுத்த வாரம் வரேன். இப்பத்திக்கி பத்து நாளைக்கி குடு."

"ஒண்ணுகூடத் தர மாட்டேன்."

"இன்னா புள்ள இப்டி பண்ற?" என்று கேட்டாய். உன்னிடம் நான் குரல் உயர்த்தியது அன்றுதான் முதல் தடவை. உன் நல்லதற்குத்தானே என்று கத்தினேன். நீ எழுந்து போனதும் பக்கத்துக் கடைக்கும் ஆள் அனுப்பி, உனக்கு அந்த மாத்திரையைத் தரக் கூடாது என்று சொல்லிவைத்தேன். ஏழு வருடத் தப்பை ஒரே நாளில் சரிசெய்துவிட்ட திருப்தியில் அன்று நன்றாகச் சாப்பிட்டேன்.

ஐந்தாம் நாள் உன் மகள் ஓடி வந்தாள். "சித்தி, அம்மா ஒரே வாந்தி. எழுந்து நிக்க முடியல." சாப்பாடு சேரவில்லை என்று நினைத்து வாந்திக்கு மாத்திரையும் உப்புச்சர்க்கரைத் தூளும் கொடுத்து அனுப்பினேன். மறுநாள் காலை உன்னைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஜீப் பிடித்தோம். உன் தலை என் மடியில், கால் உன் மகள் மடியில். உடம்பு சில்லென்று வேர்த்திருந்தது. "குளிருது புள்ள" என்றாய். என் புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்தினேன். பாதி மலை இறங்குவதற்குள் நீ பேசுவதை நிறுத்தினாய். கீழே தரை தொட்டு ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தபோது, அங்கே செய்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

அங்கிருந்த டாக்டர் உன் முகத்தையும் கையில் இருந்த கன்றல்களையும் பார்த்தார். என்ன வேலை செய்கிறேன் என்று கேட்டுவிட்டு, என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டார். "ஸ்டீராய்டு சாப்பிட்டுட்டு இருந்தாங்களா? திடீர்னு நிறுத்திட்டாங்களா?" என்றார். நான் தலையாட்டினேன். பல வருடம் அதை வெளியிலிருந்து கொடுத்தால் உடம்பு அதைத் தானாகச் சுரக்க மறந்துவிடும், சட்டென்று நிறுத்தினால் உயிரே போகும், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும் என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குத் தேவலை.

வெளியே வந்து உன் மகளிடம் "மாரடைப்பாம்" என்றேன். பதினாறாம் நாள் காரியத்தில், ஊரார் முன்னால் உன் வீட்டுக்காரர் என்னைக் கும்பிட்டார். "இவங்க மாத்தரதான் இத்தினி வருசம் அவள நடக்க வெச்சிது" என்றார். நான் அந்தக் கும்பிடையும் வாங்கிக்கொண்டு, சோறும் தின்றுவிட்டு வந்தேன்.

அதற்குப் பிறகு செட்டு போடுவதில்லை. வலி என்று யார் வந்தாலும் காலையில் விரல் மடங்குகிறதா, எவ்வளவு நேரம், இரண்டு கையிலுமா என்று கேட்கிறேன். மருந்து கேட்டால் இந்தம்மா விசாரணை நடத்துகிறாள் என்று பாதிப் பேர் பக்கத்துக் கடைக்குப் போகிறார்கள். போகட்டும். ஏற்கனவே அந்த மாத்திரையில் இருப்பவர்களிடம் மட்டும், டாக்டரிடம் போகும்வரை நிறுத்திவிடாதே என்று கையைப் பிடித்துக்கொண்டு சொல்கிறேன். நான்கு பேரைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறேன்.

சென்ற மாதம் உன் மகள் வந்தாள். கல்யாணமாகி இரண்டு குழந்தைகள். இரண்டு கைகளையும் நீட்டினாள். நான் கேட்க வாயெடுக்குமுன் அவளே சொன்னாள்: "அம்மாவுக்கு இருந்தாப்லயே இருக்குது சித்தி. வெயிலு ஏறனாத்தான் மடங்குது." கடையை அப்படியே பூட்டிவிட்டு அவளோடு பஸ் ஏறினேன்.

அதே மூட்டு டாக்டர். வீட்டில் வேறு யாருக்காவது இருந்ததா என்று அவளைக் கேட்டார். அம்மாவுக்கு என்றாள். அம்மா எப்படி இறந்தார் என்று கேட்டார். மாரடைப்பு என்றாள். அந்த அறையில் வைத்து, அவள் எதிரிலேயே, எல்லாவற்றையும் சொன்னேன். செட்டையும், முகம் உப்பியதையும், நான் நிறுத்தியதையும், நான் சொன்ன பொய்யையும். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். உன் மகள் என்னைப் பார்க்கவே இல்லை. அவளுக்கு ஆரம்பம்தான், சரியான மருந்து இருக்கிறது, கை கோணாமல் பார்த்துக்கொள்ளலாம் என்றார் அவர். அதற்கு மட்டும் தலையாட்டினாள்.

திரும்பும்போது பஸ்ஸில் வேறு சீட்டில் உட்கார்ந்தாள். வெள்ளிமலையில் இறங்கியதும் என் எதிரில் வந்து நின்றாள். சித்தி என்று கூப்பிடவில்லை.

"ஜீப்புல எங்கம்மா ஒரு மாத்தர கேட்டுச்சே. ஒண்ணே ஒண்ணு குடு புள்ளன்னு ஒங்க கையப் புடிச்சிக்கினு கேட்டுச்சே. அப்பக்கூட ஏன் குடுக்கல?"

இதை மட்டும் மேலே எழுதாமல் தாண்டி வந்தேன், அக்கா. நீ கேட்டாய். மாட்டேன், டாக்டர் பார்க்கட்டும் என்று நான் சொன்னேன். நீ என் கையை விட்டுவிட்டாய். டாக்டர் கேட்டால் காட்டுவதற்கென்று எடுத்துக்கொண்ட அந்த வெள்ளை மாத்திரை அட்டை அப்போது என் கைப்பையில் இருந்தது. உன் தலைக்கு அணைவாக இருக்கட்டும் என்று அந்தப் பையைத்தான் நான் வைத்திருந்தேன்.