ஆறாம் இலக்கப் படம்

மூதூர்
19.07.1969

தம்பி கலீலுர் றஹ்மானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ஸலாம் இல்லாமல் கடிதம் தொடங்கக் கூடாது என்று உம்மா பழக்கி வைத்திருக்கிறார், அதனால் சொன்னேன். சுகமா என்று கேட்க இன்றைக்கு எனக்கு மனம் வரவில்லை. என் சுகத்தையும் நீ கேட்காதே. இருபத்துமூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை.

உன் கடிதம் நேற்று ஜும்ஆவுக்குப் பிறகு வந்தது. மூன்று தரம் வாசித்தேன். ஒவ்வொரு தரமும் கோபம் கூடியதே தவிரக் குறையவில்லை. பிள்ளை ஒன்றைக் கடற்பாம்பு கடித்துவிட்டது, உங்கள் கல்விக் கந்தோர் அனுப்பிய பாடப் படத்தில் அது நஞ்சற்றது என்று போட்டிருக்கிறதே, எப்படி என்று நான் கேட்டு எழுதினேன். "அச்சில் இரண்டு வரி இடம் மாறிப்போச்சு ராத்தா, அவ்வளவுதான்" என்று நீ பதில் எழுதியிருக்கிறாய். அவ்வளவுதானா? தண்ணீர்ச் சாரைக்கு எழுதியதைக் கடற்பாம்புக்கும், கடற்பாம்புக்கு எழுதியதைச் சாரைக்கும் போட்டுவிட்டு அவ்வளவுதான் என்கிறாய்.

அதைக்கூடப் பொறுத்திருப்பேன். கை தவறாத மனிதர் யார்? ஆனால் அடுத்த வரியில், படப் பெட்டிகள் கந்தோரை விட்டு வெளிக்கிட முன்பே சித்திரை மாதத்தில் அதைக் கண்டுவிட்டதாக எழுதியிருக்கிறாய். உன் மேலதிகாரியான பெரியவரிடம் சொன்னாயாம். எல்லாம் அச்சடித்து முடிந்துவிட்டது, கடற்கரை ஆசிரியர்மாருக்கு இது தெரியாதா, அவர்களே திருத்திக்கொள்வார்கள் என்றாராம். நீயும் வாயை மூடிக்கொண்டாயாம். இப்போது என்னையும் மூடச் சொல்கிறாய். நோன்புப் பெருநாளுக்கு முன் உன் உத்தியோகம் நிரந்தரமாகிவிடும், அதுவரைக்கும் யாருக்கும் எழுத வேண்டாம், துஆ மட்டும் கேளுங்கள் என்கிறாய். இதை எழுத உனக்கு எப்படிக் கை வந்தது?

அந்தப் பெட்டி இங்கே எப்படி வந்து இறங்கியது என்று உனக்குத் தெரியாது. துறையில் லோஞ்சிலிருந்து இறக்கி மாட்டுவண்டியில் ஏற்றி வந்தார்கள். "விலங்குகளை அறிவோம்" என்று மேலே எழுதிய தகரப் பெட்டி. பன்னிரண்டு பெரிய படங்கள், ஆசிரியர் கைந்நூல், மூடியோடு இரண்டு கண்ணாடிப் போத்தல். தமிழ் விளக்கங்களை மட்டும் தனித் தாளில் அச்சடித்து, இலக்கம் பார்த்து வெட்டி ஒட்டச் சொல்லி உறையில் போட்டிருந்தார்கள். நான் பசை காய்ச்சி ஒவ்வொன்றாக ஒட்டினேன். பனிக்கரடிக்கு ஒட்டினேன். கங்காருவுக்கு ஒட்டினேன். யானையை நேரிற் காண மாணவரை மிருகக்காட்சிச் சாலைக்கு அழைத்துச் செல்க என்று கைந்நூலில் இருந்தது. கட்டைபறிச்சான் பக்கத்துப் பிள்ளைகள் யானை மிதித்த வயல் வரம்பால் நடந்து பள்ளிக்கு வருகிறார்கள், அவர்களைக் கொழும்புக்குக் கூட்டிப் போய் யானை காட்ட வேண்டுமாம்! அப்போது சிரிப்புத்தான் வந்தது. ஆறாம் இலக்கப் படத்துக்கு வந்தபோது சிரிப்பு நின்றுவிட்டது.

"கடற்பாம்பு. நஞ்சற்றது. மீன், தவளை முதலியவற்றை உண்ணும். மாணவர் இதற்கு அஞ்சத் தேவையில்லை."

தம்பி, நான் அலியாரின் மகள். நீயும் அவருடைய மகன்தான். கரைவலை இழுத்து வலைமடி கரையில் ஏறியதும் வாப்பா முதலில் என்ன செய்வார்? ஒருவரையும் கிட்ட விடமாட்டார். கம்போடு மடியைச் சுற்றி வந்து, துடுப்பு மாதிரி வால் தட்டையாக இருக்கிற பாம்புகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக் கடலில் எறிவார். பிறகுதான் பிஸ்மி சொல்லி மீனில் கை வைப்பார். ஒரு நாள் நீ அவசரப்பட்டு ஓடிப் போனதற்கு உன் முதுகில் விழுந்த அடியை மறந்துவிட்டாயா? அன்றைக்கு உனக்காக அழுதது நான்.

அப்படியிருந்தும் அந்தத் துண்டை ஏன் ஒட்டினேன் என்று நீ கேட்பாய். கேள். விளக்கத் தாளின் பின்பக்கத்தைத் திருப்பினேன், அடியில் "தமிழாக்கம்: அ. கலீலுர் றஹ்மான்" என்று இருந்தது. அதைப் பார்த்தபின் எனக்கு வேறொன்றும் தெரியவில்லை. மற்ற ஆசிரியைகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். பள்ளி அதிபருக்குக் காட்டினேன். வாப்பாவுக்குத் தெரிந்தது இந்தக் கரை மட்டும்தான், தம்பி படித்தவன், புதிதாக ஆராய்ந்து கண்டிருப்பார்கள் என்று நினைத்தேன். உன் பெயர் இருந்ததால் வாப்பாவின் சொல்லைத் தள்ளிவிட்டு உன் சொல்லை ஒட்டினேன். பசையை அழுத்தித் தேய்த்தும் விட்டேன்.

பாடம் எடுத்த அன்று ரபீக்கா எழுந்தாள். ஐந்தாம் வகுப்பில் படிக்கிறவள், வலை இழுக்கும் ஆதம்பாவாவின் மூத்த பிள்ளை. "டீச்சர், அது கடிச்சா ஆள் மௌத்தாம் எண்டு எங்கட வாப்பா சொன்னவர்" என்றாள். வகுப்பில் பாதிப் பேர் ஓம் ஓம் என்றார்கள். எனக்குச் சுருக்கென்றது. போன வருடம் வந்த கல்வி அதிகாரி, இந்த டீச்சர் பாடத்தை விட்டுவிட்டு ஊர்க்கதை படிப்பிக்கிறா என்று குறிப்புப் புத்தகத்தில் எழுதிவிட்டுப் போனார். அந்தக் காயம் எனக்கு இன்னும் ஆறவில்லை. அவர் அந்த மாதமும் வருவதாக இருந்தது. ஆகவே ரபீக்காவை ஏசினேன். வாப்பா படித்தவரா, இதை எழுதியவர் படித்தவரா என்று கேட்டேன். அவள் உட்கார்ந்துவிட்டாள். அதற்குப் பிறகு கைந்நூலில் உள்ளபடி, கடலில் கிடைக்கிறதைக் கொண்டுவந்து போத்தலில் போடுகிறவருக்குப் புள்ளி உண்டு என்றும் சொன்னேன்.

ஜூன் இருபத்தாறாம் திகதி காலையில் அவள் போத்தலோடு வந்தாள். உள்ளே கடற்பாம்பு. விடியப்புறம் வலை கரையேறியபோது வாப்பா மறுபக்கம் கயிறு சுற்றிக்கொண்டிருக்க, இவள் வலைமடிக்குள் கை விட்டு எடுத்திருக்கிறாள். விரலில் இரண்டு புள்ளி, ஊசி குத்தினாற்போல. நோகவில்லை என்றபடியால் ஒருவரிடமும் சொல்லவில்லை. நான் வகுப்பைக் கைதட்டச் சொன்னேன். ஒரு துண்டில் அவள் பெயரை எழுதி அந்தப் போத்தலில் ஒட்டினேன்.

இரண்டாம் பாடத்தில் வாசிக்கச் சொல்லி எழுப்பினேன். வாயைத் திறக்கவில்லை. அடம்பிடிக்கிறாள் என்று நினைத்து இன்னொரு தரம் ஏசினேன். பிறகுதான் கிட்டப் போய்ப் பார்த்தேன். தாடை இறுகியிருந்தது. கண் இமை பாதியில் நின்றது. விரலை என்னிடம் நீட்டிக் காட்டினாள்.

தூக்கிக்கொண்டு துறைக்கு ஓடினோம். லோஞ்ச் போய்விட்டது. சம்பூரிலிருந்து மீன் கொண்டுவந்த தம்பு என்பவர், கூடைகளைக் கரையில் அப்படியே தள்ளிவிட்டு, ஏறுங்கோ தங்கச்சி என்று தன் இயந்திரப் படகில் எங்களை ஏற்றிக்கொண்டார். அந்தக் குடாவைக் கடக்க எவ்வளவு நேரம் என்று உனக்குத் தெரியும். அவ்வளவு நேரமும் பிள்ளையின் தலை என் மடியில். ஆதம்பாவா காலைப் பிடித்துக்கொண்டு இருந்தார். அவர் என்னை ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். "டீச்சர் சொன்னது பிழைக்காது எண்டுதான் பிள்ளை எடுத்தது. நாங்க படிக்காத ஆக்கள், எங்களுக்கு என்ன தெரியும்" என்றார். அவர் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை, உண்மையாகவே நம்பிச் சொன்னார். பத்து வயதுப் பிள்ளையின் கை, கால் எல்லாம் இறுகிக் கிடக்கும்போது, தனக்குத் தெரிந்தது பிழை என்று அந்த மனிதன் நம்பிக்கொண்டிருந்தார்.

திருகோணமலை ஆஸ்பத்திரியில் இதற்கு மருந்து இல்லை என்றார்கள். சேலைன் ஏற்றிவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்கலாம், நஞ்சு எவ்வளவு இறங்கியிருக்கிறதோ அதைப் பொறுத்தது என்றார் டாக்டர். சிறுநீர் கறுத்துப் போனது. மூன்றாம் நாள்தான் வாய் திறந்தாள். ஒன்பதாம் நாள் வீட்டுக்கு விட்டார்கள். அல்லாஹ் திருப்பித் தந்தான், அல்ஹம்துலில்லாஹ். நீயும் நானும் கொடுத்துவிட்ட பிள்ளையை அவன் திருப்பித் தந்தான். இப்போதும் பள்ளிப் படி ஏற ஏலாமல் இரண்டு தரம் நின்று மூச்சு வாங்குகிறாள்.

நான் படத்தைக் கிழித்தெறியவில்லை. சரியான விளக்கத்தைப் பிள்ளைகளைக் கொண்டு நாற்பது துண்டில் எழுதுவித்து, நிலாவெளி, சல்லி, கிண்ணியா, திரியாய் என்று கடலோரப் பள்ளிகளுக்கெல்லாம் தபாலில் அனுப்பினேன். என்ன நடந்தது தெரியுமா? ஓர் அதிபர் துண்டைத் திருப்பி அனுப்பியிருக்கிறார். கந்தோர் முத்திரை இல்லாத எதையும் அரசாங்கப் படத்தில் ஒட்ட ஏலாதாம். மற்றவர்கள் பதிலே போடவில்லை. உங்கள் முத்திரை ஒரு பிள்ளையைச் சாகக் கொடுக்கலாம், முத்திரை இல்லாத உண்மை அதைக் காப்பாற்றக் கூடாது. இதுதான் நீங்கள் நடத்துகிற கல்வி. அந்தப் படம் இன்றைக்கும் சுவர்களில் தொங்குகிறது. அங்கெல்லாம் காலையில் வலை கரையேறுகிறது.

கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைப்பாய். ஓம், கோபம்தான். உன்மேல் உள்ளதைவிட அரைப்பங்கு கூடுதலாக என்மேல். நான் ஆதம்பாவாவின் வீட்டுக்குப் போய், நீங்கள் சொன்னதுதான் சரி, நான் படிப்பித்தது பிழை, அதை எழுதியது என் தம்பி என்று சொல்லிவிட்டேன். அவர் கதிரையைத் துடைத்துப் போட்டு இருக்கச் சொன்னார். அதில் இருக்க எனக்கு உடம்பு கூசியது.

இனி நடந்ததைக் கேள். போன திங்கட்கிழமை தவணைப் பரீட்சை. வினாத்தாள் மேலிடத்திலிருந்து அச்சில் வந்தது, பெட்டியில் உள்ள படங்களை வைத்தே கேட்டிருந்தார்கள். ஏழாம் வினா: பின்வருவனவற்றுள் நஞ்சற்றது எது? விடைக்குறிப்பில் கடற்பாம்பு என்று இருக்கிறது. வகுப்பில் முப்பத்தொரு பேர் சாரை என்று எழுதியிருந்தார்கள். ஒரே ஓர் ஆள் மட்டும் கடற்பாம்பு என்று எழுதியிருந்தாள், ரபீக்கா.

கூப்பிட்டு ஏன் மகள் இப்படி எழுதினாய் என்று கேட்டேன். தனக்குத் தெரிந்ததைச் சொன்னதற்குப் போன முறை டீச்சர் ஏசினதாகவும், பரீட்சையில் டீச்சர் சொன்னதைத்தான் எழுத வேண்டும் என்று அதனால் விளங்கியதாகவும் சொன்னாள். சொல்லிவிட்டு, சரிதானே டீச்சர் என்று என் முகத்தைப் பார்த்தாள்.

அவளுடைய விடைத்தாளை இதோடு வைத்திருக்கிறேன். ஏழாம் வினாவுக்கு நேரே நான் ஒன்றும் போடவில்லை. சரி போட்டால் உன் படம் சரி. பிழை போட்டால் அந்தப் பிள்ளை பிழை. இரண்டுக்கும் என் பேனா போகவில்லை. இதை எழுதியவன் நீ, நீயே உன் கையால் போட்டு அனுப்பு. உன் கந்தோர் முத்திரை குத்திய திருத்தத் துண்டும் அதோடு வர வேண்டும், எனக்கு மட்டுமல்ல, பெட்டி போன பள்ளிக்கூடம் அத்தனைக்கும். பெரியவர் ஏலாது என்றால் அவருக்கு மேலே இருப்பவரிடம் போ. உன் கடிதம் என் அலுமாரியில் இருக்கிறது. பதினைந்து நாள் பார்ப்பேன். அதற்குப் பிறகு அதை எங்கே அனுப்புவேன் என்று உனக்குத் தெரியும். என் கூடப்பிறந்தவனுக்கு எதிராக எனக்குக் கை வருமா என்று மட்டும் சோதித்துப் பார்க்காதே.

உத்தியோகத்துக்காகத் துஆ கேட்கச் சொன்னாய். ஐந்து நேரமும் கை ஏந்துகிறேன் தம்பி. உன் பெயரைச் சொல்லத் தொடங்கினால் ரபீக்காவின் பெயர் வாயில் வருகிறது. அந்தத் தாள் திரும்பி வரட்டும், பிறகு உன் பெயரையும் சொல்லிக் கேட்கிறேன். பாம்பை முதலில் எடுத்தெறிந்த வாப்பாவின் கையை அல்லாஹ் உனக்குத் தரட்டும்.

உன் ராத்தா
ஜெஸீமா